துண்டுக்குள் மறைந்த யானை

கெலாங் பாத்தா

அப்பாவுக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

ஞாயிற்றுக்கிழமை அறையில் தனியாக இருக்கப் பிடிக்காமல், தொழிற்சாலைக்காரர்களோடு கோத்தா திங்கி வரை சைக்கிள் ஓட்டினேன். யானைகளைக் காக்க நிதி திரட்டும் பயணம். போன வருடம் யானைகள் நம் வாழையை அழித்தது எனக்கு மறக்கவில்லை, அப்பா.

வழியில் வெள்ளையம்மா என்பவர் தண்ணீர் கொடுத்தார். அவர் வீட்டுக்குப் பின்னால் வாழையெல்லாம் சாய்ந்து கிடந்தது.

"ஆனை வந்து மிதிச்சிருச்சுலா. நீங்க எதுக்காகத் தம்பி ஓட்டுறீங்க?"

சட்டையிலிருந்த யானைப் படத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, "புலிக்குங்க" என்றேன்.

"புலின்னா சரி" என்று பத்து வெள்ளி நோட்டு ஒன்றைத் தந்தார். அதையும் யானை உண்டியலில்தான் போட்டேன்.

அடுத்த வாழைக்கன்று எப்போது நடுகிறீர்கள் என்று எழுதுங்கள். கம்பெனி பஸ் வந்துவிட்டது.

அம்மாவிடம் மட்டும் புலிக்கு என்றே சொல்லுங்கள்.

உங்கள் மகன்
கனகவேல்