டிரம் ஏறும் பலகை

12-9-1974, வியாழன்

கன்னியப்பன் இன்று கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியில் வந்து, தெருவில் நின்றே என்னைக் கூப்பிட்டான். சரக்கு இறக்கச் சுலபம் என்று கடையை லாரி மட்டத்துக்கு உயர்த்திக் கட்டியவன் நான்தான். முன்னால் ஐந்து படி. அவனைத் தூக்கி வர ஆட்களை அனுப்பினேன்.

"நான் இன்னா மூட்டையா, நைனா?" என்றான்.

"சின்ன வயசுல கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன்ல என் முதுகுல குந்திக்கினுதானேடா சுண்டல் வித்தே?"

"அப்போ காலு உன்னுது, கூவற வாயி என்னுது. பாதிப் பங்கு. இன்னிக்குத் தூக்கினா சும்மா தூக்கறது. எண்ணெய் டிரம்மு ஏற பின்னால பலகை போட்டுக்கிறியே, எனுக்கு?"

கீழே டீ கொடுத்தனுப்பினேன். டீயைத் தெருவிலேயே குடித்துவிட்டுப் போனான்.

அவன் கூவினால் ரயில் ஜன்னலெல்லாம் திறக்கும். அப்போது அந்தக் குரல் என் தலைக்கு மேலிருந்து வரும். இன்று கீழேயிருந்து வந்தது.

பின்பக்கப் பலகையில் ஏற்றலாமா என்று யோசித்தேன். கூடாது, அது சரக்குக்கு. காலையில் கொத்தனாரைக் கூப்பிட்டு முன்படியில் பாதியை உடைத்து, நீளமாகச் சரிவு போடவேண்டும். சாமான் பரப்பும் இடம் போகும், போகட்டும். சிமெண்ட் காய நாலு நாளாகும். அதுவரை நான்தான் கீழே இறங்கி அவனோடு டீ குடிக்கவேண்டும்.