நூறு சட்டையும் விற்ற ஆள்

மார்ச் 3, செவ்வாய்

ஜிப் பெட்டிகள் வந்து இறங்கின. வெள்ளை கேட்டால் கறுப்பு அனுப்புவது இந்த ஏஜெண்டுக்குக் கைவந்த கலை. திருப்பி அனுப்பிவிட்டேன்.

மதியம் அண்ணனிடம் பேசினேன். கடை எங்கள் இருவருடையது, சொல்லாமல் எதுவும் செய்ய முடியாது. மாலை நேர மேலாண்மைப் பட்டமேற்படிப்பில் சேரப்போகிறேன் என்றேன். சேர, நுழைவுத் தேர்வில் கல்லூரி கேட்கும் மதிப்பெண் வேண்டும். பொத்தானும் ஜிப்பும் வாங்கி விற்க எனக்குத் தெரியும். அதைச் செய்கிற ஆலையை நடத்தத் தெரியாது. ஆலை வைக்க ஆசை.

அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "நாப்பத்திமூணு வயசுல பரிட்சையா? ரெண்டாவது கடைக்கு இடம் பாத்து வச்சிருக்கேன். அதுல யாரு உக்காருவா?"

"ஒரே ஒரு தடவை எழுதுறேண்ணா. வரலைன்னா புதுக்கடைல நானே உக்காருறேன்."

"பேச்சு மாற மாட்டியே?"

"எப்ப மாறியிருக்கேன்?"

மார்ச் 9, திங்கள்

மகள் பழைய வினாத்தாளோடும் கடிகாரத்தோடும் எதிரே உட்காருகிறாள். கல்லூரியில் படிக்கிறாள், வீட்டில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். எனக்குக் கணக்கு தப்பவில்லை. நேரம்தான் போதவில்லை.

"அம்மா, ஒரே கேள்விய எவ்ளோ நேரம் உருட்டுவ? வரலைன்னா ஏதாவது ஒண்ண அமுக்கிட்டுப் போ."

"தெரியாம எதுக்கு அமுக்கணும்?"

"இது உன் கடை இல்ல. நீ முடிச்சாலும் முடிக்காட்டியும் நேரம் ஆனா ஷட்டரை இறக்கிடுவாங்க."

உள்ளே வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாமல் பிடித்து உட்காரவைத்துத்தான் நான் ஆளானேன். இவளுக்கு எங்கே தெரியப்போகிறது.

மார்ச் 12

சரக்கு வேலை. படிக்கவில்லை.

மார்ச் 14, சனி

நேரம் போதவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

தேர்வு மையத்தில் கைப்பை, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். தடுப்பு வைத்த மேசை, கணினி. திரையின் மூலையில் மீதி நேரம் ஓடுகிறது. முதல் பகுதி நன்றாகவே போனது.

அப்புறம் அந்தக் கேள்வி. ஒருவர் நூறு சட்டைகளை ஒரே விலைக்கு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் இருபது சதவீதம் கூட்டி, எல்லாவற்றையும் விற்றார். மொத்தத்தில் எத்தனை சதவீத லாபம் என்று சொல்ல இந்த விவரம் போதுமா, போதாதா?

எப்படிப் போதும்? வண்டி வாடகை? கடை வாடகை? கடனுக்குப் போனது எத்தனை? நூறு வாங்கினால் நாலு கறையோடு வரும், ஆறு யாருக்கும் அளவு சேராது. நூறையும் விற்ற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. ஏதோ பொறி வைத்திருக்கிறார்கள் என்று மறுபடி படித்தேன். மறுபடியும். விட்டுவிட்டு அப்புறம் வரவும் வழியில்லை, பதில் கொடுத்தால்தான் அடுத்த கேள்வியே வரும். கடைசியில் 'போதாது' என்று அமுக்கிவிட்டு மூலையைப் பார்த்தால் — அவ்வளவுதான். அதற்கு மேல் ஓட்டம். ஏழு கேள்வி மிச்சம் இருக்கும்போதே திரை நின்றுவிட்டது.

இன்னும் நான் முடிக்கலையே — யாரிடம் சொல்ல? திரையிடமா?

மதிப்பெண்ணை அங்கேயே காட்டினார்கள். கல்லூரி கேட்பதற்குக் கீழே.

மார்ச் 15

மகளிடம் சட்டைக்காரன் கதையைச் சொன்னேன். சிரித்தாள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அம்மா, அவனுக்கு வாடகையே கிடையாது. அவன் கணக்குக்குள்ள மட்டும் இருக்கிறவன்."

"அப்படிப்பட்ட ஆளுக்கு நான் சரக்கே போட மாட்டேன்."

"அதான் ஏழு கேள்விய இனாமா போட்டுட்டு வந்திருக்கியே."

அண்ணனிடம் "வரல" என்றேன். "சரி, விடு" என்றார். குத்திக்காட்டவில்லை. சாயங்காலமே தச்சரைக் கூப்பிட்டுவிட்டார்.

மார்ச் 24, செவ்வாய்

புதுக்கடையில் தச்சர் அளவெடுத்தார். கல்லா எந்தப் பக்கம் வேண்டும் என்று என்னைக் கேட்டார். அண்ணனைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

தெரியாமல் தோற்றிருந்தால் விட்டுவிடுவேன். நேரம் போதாமல் தோற்றேன். இரண்டும் ஒன்றா? சாக்குத்தான். எனக்கே தெரிகிறது. ஆனாலும் மறுதேர்வுக்குப் பணம் கட்டிவிட்டேன்.

மார்ச் 25

மறைத்துச் செய்யப் பிடிக்கவில்லை. தச்சர் முன்னாலேயே சொன்னேன்.

"அப்ப அன்னைக்குச் சொன்னது?" அண்ணன் கேட்டார்.

"மாத்திட்டேன்."

"இவ்ளோ லேசா சொல்ற."

"லேசா இல்லண்ணா. சுத்தி வளைச்சா உனக்குப் பிடிக்காது."

அவர் தச்சர் பக்கம் திரும்பினார். "பேர்ப்பலகைல ரெண்டு பேர் வேணாம். என் பேர் மட்டும் போதும்."

ஏப்ரல் 2

பேச்சில்லை. பக்கத்துப் பக்கத்து நாற்காலி, ஆனால் விலை கேட்பதெல்லாம் கணக்குப்பிள்ளை வழியாக. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி அவருக்குத்தான் கழுத்து வலி.

ஏப்ரல் 11, சனி

இந்தத் தடவை நாற்காலி வாங்கி விற்கிற ஒருவன். உடைசல் இல்லை, செலவு இல்லை, கடன் சொல்கிற வாடிக்கையாளர் இல்லை. நல்லா இருக்கட்டும் என்று 'போதும்' அமுக்கினேன். கை கூசியது. இன்னும் சில கேள்விகள் சுத்தமாகப் புரியவில்லை. குருட்டாம்போக்கில் அமுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனேன். கடைசிக் கேள்வியையும் முடித்தபோது கொஞ்சம் நேரம் மிச்சம்.

மதிப்பெண் வந்துவிட்டது. மயிரிழைதான், ஆனால் மேலே.

படிக்கட்டில் உட்கார்ந்தேன். விரல் முதலில் அண்ணன் எண்ணுக்குத்தான் போனது. அழைக்கவில்லை.

மே 30, சனி

புதுக்கடை திறப்பு. கல்லாவில் அண்ணனின் மச்சான். ஜிப்பை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்பதே அவனுக்கு இப்போதுதான் பழக்கம். போய் வாசலில் நின்று வாழ்த்தினேன். அண்ணி உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். அந்தக் கடையில் எனக்குப் பங்கில்லை. பேச்சு மாறியது நான். வருத்தம் உண்டு, குறை சொல்ல இடமில்லை.

ஜூலை 6, திங்கள்

முதல் வகுப்பு. பக்கத்து இருக்கைப் பெண், "மேடம், நீங்க எந்தப் பாடம் எடுக்கிறீங்க?" என்று எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னேன்.

பாடம் தொடங்கிச் சற்று நேரத்தில் போன் அதிர்ந்தது. அண்ணன். வெளியே வந்து எடுத்தேன்.

"பித்தளை ஜிப்பு, மொத்தமா கேக்குறாங்க. எவ்ளோ வரைக்கும் எறங்கலாம்?"

சொன்னேன்.

"மச்சான் அதுக்கும் கீழ சொல்லித் தொலைச்சுட்டானே."

"முதல் லோடுக்கு மட்டும் இந்த விலைன்னு சொல்லு. அடுத்த லோடுக்கு நான் வந்து பேசிக்கிறேன்."

அதை அப்படியே மச்சானிடம் சொல்வது கேட்டது.

"நீ எங்க இருக்க இப்ப?"

"வகுப்புல."

"அப்புறம் எதுக்குப் போனை எடுத்த? வை. உள்ள போ."