நடக்காத கூட்டத்தில் உன் கையெழுத்து

அக்கா,

இன்று காலை நெசவாளர் சங்க ஆபீசில் கூட்டப் பதிவேட்டைத் திறந்தேன். கண்ணில் பட்டது உன் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலைக் கீழே இழுத்து ஒரு புள்ளி வைப்பாயே, அதேதான். மேலே போட்டிருந்த தேதி, வைகாசி கருட சேவைக்கு மறுநாள். நீ மாசியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாய். உன்னைக் குளிப்பாட்டி மஞ்சள் பூசியவளே நான்தான். வைகாசியில் நீ எந்தக் காலால் நடந்து வந்து இதைப் போட்டாய்?

அங்கே எதற்குப் போனேன் என்று கேட்பாய். பதினெட்டு வருடமாகத் தறியில் உட்காருகிறேன், உறுப்பினர் கார்டு மட்டும் என் வீட்டுக்காரர் பேரில். அவர்தான் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்குப் போய்விட்டாரே, அந்தக் கார்டை ரத்து செய்கிறார்கள். கார்டு இல்லாவிட்டால் சங்கம் தறிக்குப் பாவு நூலும் தராது, பட்டும் தராது. என் பேரில் கார்டு கேட்டு எழுதிய மனுவுக்குப் பதில் வந்தது: 'மனுதாரர் நெசவாளர் அல்லர், கணவருக்கு உதவி செய்பவர். ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது.' அந்த ஏகமனதில் யார் யார் என்று பார்க்கத்தான் போனேன். அதில் நீயும் இருக்கிறாய்.

மனு எழுதச் சொன்னதே நீதானே? பெண்களுக்கு ஒதுக்கிய இயக்குநர் இடத்தில் உன்னை உட்கார வைத்தபோது, "டைரக்டரம்மா வருதுப்பா, வழி வுடுங்க" என்று தெருவே கேலி பண்ணியது. நீயும் சேர்ந்து சிரித்தாய். முதல் கூட்டம் முடிந்து வந்தவளிடம் என்ன பேசினாய் என்று கேட்டேன். "ஆறு ஆம்பளைங்க பேசிக்கினே இருக்கறாங்கடி. நான் ஃபேனப் பாத்துக்கினு இருந்தேன்" என்றாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பின்ன எதுக்கு உனக்கு அந்த சீட்டு?" என்று கத்தினேன். "உன் மனு வரட்டும், அன்னிக்கு எழுந்து நின்னே பேசறேன் பாரு" என்றாய். அதை நான் நம்பினேன் அக்கா.

கிளார்க்கிடம் கேட்டேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அக்கா முட்டி வலின்னுச்சும்மா. மாசாமாசம் எதுக்கு அலையணும்னு செக்ரெட்டரிதான் மொத்தமா கையெழுத்து வாங்கி வச்சிக்கினாரு." சொல்லிக்கொண்டே ஒரு காலி நாற்காலியைத் துடைத்தார். அது உன்னுடையதாம். கூட்டத்தன்று அதன் முன்னாலும் ஒரு கிளாஸ் டீ வைப்பாராம், பழக்கம் விடவில்லையாம். "கூட்டம் முடிஞ்சி பாத்தா சில நாள் கிளாஸ் காலியா இருக்குது" என்றார். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த தாளைத் திருப்பினேன். தேதி இல்லை, தீர்மானம் இல்லை, அடியில் உன் கையெழுத்து மட்டும். அதற்கடுத்த தாளிலும் அப்படியே. இன்னும் நடக்காத கூட்டங்களுக்கெல்லாம் நீ முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தாய். பிடரியில் யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு, "அடிப்பாவி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் செக்ரெட்டரி வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு. "அந்த எடத்துக்கு ஒரு லேடி வேணும்மா, ரூல் இருக்குதில்ல. நீயே வந்துடு. கார்டும் ஆயிடும்" என்று பதிவேட்டின் கடைசி வெற்றுத் தாள்களை என் பக்கம் நகர்த்தினார். "இதுல எல்லாம் கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போ."

பேனாவை வாங்கினேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், கார்டு கிடைக்கும் என்றதும் கை தானாக நீண்டது. முதல் தாளில் பேரை எழுதி முடித்தேன். கடைசி எழுத்தின் வால் கீழே இறங்கி, புள்ளியும் வைத்துவிட்டது. என் கையெழுத்தில் வாலும் கிடையாது, புள்ளியும் கிடையாது. பேனாவைக் கீழே போட்டேன்.

அவர் போன் பேச வெளியே போனார். நான் போட்ட தாளையும், நீ போட்டு வைத்த வெற்றுத் தாள்களையும் கிழித்து மடியில் செருகிக்கொண்டேன். கிளார்க் பார்த்துக்கொண்டே உன் நாற்காலியை மறுபடி துடைத்தார்.

நாளைக்கு இவற்றைக் கைத்தறித் துறை அலுவலகத்தில் கொண்டுபோய் வைக்கப் போகிறேன். கார்டு கிடைக்குமோ, இல்லை தறியே போகுமோ, தெரியாது. உன் பேர் நாறும். உன் மகள் அப்புறம் என் முகத்தில் விழிக்க மாட்டாள். உன்மேல் ஆத்திரமும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. இப்போதும் தாள்கள் மடியில்தான் இருக்கின்றன, கீழே வைக்க மனசில்லை.

நாளைக்கு அந்த ஒரு இடத்துக்காவது நிஜமாக வா, அக்கா.