நுனா தீவுக்காரியின் வேர்க்கடலை

போர்ட் வீலா
அக்டோபர் 12, ஞாயிறு

மதிப்புக்குரிய கெப்புவேலி அண்ணாவுக்கு,

உங்களுக்கு நேராகக் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். வழக்கம்போல அம்மாவிடம் சொல்லி அனுப்பக்கூடிய செய்தியாக இது இல்லை. போனில் கேட்கலாமென்றால் உங்கள் குரல் வந்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நீங்கள் வேலை பார்க்கும் தோட்டத்துக்கு இங்கிருந்து வேலைக்கு வருகிற ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் நலம். சந்தை விலைகளை எப்படித் திரட்டுவது என்று இந்தப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருகிறார்கள், எல்லாம் திரையில்தான். நேற்று விடுமுறை. மற்றவர்கள் படகில் சுற்றிப் பார்க்கப் போனார்கள். நான் தலைவலி என்று சொல்லிவிட்டுத் தனியாகச் சந்தைக்குக் கிளம்பினேன். நீங்கள் அம்மாவிடம் சொன்னீர்களாமே, “செய்னி வீலாவுக்குப் போனா சந்தையில நுனா தீவு லெய்மாராகிட்ட வேர்க்கடலை வாங்கச் சொல்லுங்க” என்று. அம்மாவும் அப்படியே சொல்லி அனுப்பினாள். நம் ஊர் வவாவுவில் இல்லாத வேர்க்கடலையா என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கடற்கரைச் சந்தையில் வேர்க்கடலையைச் செடியோடு பிடுங்கி, கழுவி, பூங்கொத்து மாதிரி கட்டி வைத்திருந்தார்கள். பூப்போட்ட பெரிய சட்டைக்காரப் பெண்கள் பலகைகளுக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியை எழுப்பாமல் இன்னொருத்தியிடம் கேட்டேன். “நுனாக்காரங்களா? நேத்தே வித்துட்டு ஊருக்குப் போயிருப்பாங்க” என்றாள். பக்கத்தில் இருந்தவள், “யாரு சொன்னா? மேட்டுச் சந்தையில இருக்காங்க” என்றாள். மேட்டுக்கு ஏறினேன். அங்கே, “கீழேதானே இருந்தாங்க, கண்ணு தெரியலையா?” என்றார்கள். நடுவில் பசித்தது. வாழையிலையில் சுட்ட கோழி வாங்கித் தெருவோரம் நின்று சாப்பிட்டேன். பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பங்கு வைக்காமல் நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. பாதிக்குமேல் இறங்கவில்லை.

வேன் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு மாமரத்தடியில் நாலைந்து கடைகள். அங்கிருந்த பருத்த பெண்மணி ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“லெய்மாராவா? கேக்கிறது யாரு?”

“டோங்காவிலேர்ந்து வர்றேன். எங்க அண்ணன் வேர்க்கடலை வாங்கச் சொன்னார்.”

“வேர்க்கடலையாம்!” அவள் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். “ஏய் லெய்மாரா! உன் கடலைக்கு ஆள் வந்தாச்சுடி!”

எல்லாரும் கடையை விட்டு எழுந்து வந்துவிட்டார்கள். என்னைத் திரும்பச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள். “அதே காது.” “அதே வாத்து நடை.” ஒல்லியான ஒரு பெண், அவள்தான் லெய்மாரா, தலை நிமிராமல் வந்து என்னைப் பாயில் உட்காரவைத்து என் மடியில் ஒரு பெண் குழந்தையை வைத்தாள். நான் கடலைக்குக் காசை எடுத்தேன். “உள்ள வை” என்று அதட்டினார்கள்.

அந்தப் பருத்த பெண்மணி லெய்மாராவின் சித்தியாம், பெயர் லெய்சாவி. அவர்தான் பேசினார். “அஞ்சு மாசமா பாப்பா, பாப்பான்னே கூப்பிடறோம். ஞானஸ்நானத்துக்குப் பேர் என்னம்மான்னு பாதிரியாரும் கேட்டுக் கேட்டு அலுத்துட்டாரு. அப்பன்காரன் போன்ல சொல்லிட்டான், ‘என் தங்கச்சி வந்துதான் வைக்கணும், எங்க முறை அது’ன்னு.”

“என்கிட்ட அவர் ஒண்ணுமே சொல்லலையே.”

“ஏன், வாய் நிறையக் கடலையா?”

“எங்க ஊர்ல அண்ணன் தங்கச்சிகிட்ட இந்த மாதிரி விஷயமெல்லாம் பேசமாட்டாங்க.”

“பேசமாட்டாங்க. செய்வாங்க, இல்ல?”

அந்த மரமே சிரித்தது போல இருந்தது. லெய்மாரா மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை, குழந்தையைப் பார்த்தேன். அது என் பேனாவைப் பிடித்துக்கொண்டது.

பெயர் எதுவும் சொல்லாமல் வந்துவிட்டேன். கைநிறையக் கடலையோடு எந்த வழியாக அறைக்கு வந்தேன் என்றே நினைவில்லை. எனக்குப் புரிகிறது, ஆனால் புரிந்தது சரிதானா என்று புரியவில்லை. கேட்கக்கூடாததைக் கேட்கிறேன். அது உங்கள் குழந்தையா, அண்ணா? அவள் உங்களுக்கு யார்?

பணிவுடன்,
செய்னி

*

போவன், குயின்ஸ்லாந்து
அக்டோபர் 19

மரியாதைக்குரிய தங்கை செய்னிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இங்கே தக்காளி பறிப்பு முடியப்போகிறது. வெயில் கொளுத்துகிறது. நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. காதைப் பற்றி அந்தப் பெண்கள் சொன்னது பொய்யில்லை.

பெயர் வையுங்கள். நீங்கள் வைத்துவிட்டால் அது நம் வீட்டுப் பிள்ளை. யாரும் மறுத்துப் பேச முடியாது.

லெய்மாரா போன வருடம் இங்கே என் வரிசையில் வேலை பார்த்தாள். நல்லவள். அவளிடம் என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை. டிசம்பருக்கு ஊர் டிக்கெட் போட்டாகிவிட்டது. மூன்று கிறிஸ்துமஸாக அம்மா காத்திருக்கிறாள், எனக்காகப் பன்றி வளர்க்கிறாளாம். போதகர் வீட்டுப் பெண்ணைப் பற்றியும் சொன்னாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அம்மாவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம். போகப்போகச் சரியாகும் என்று நினைக்கிறேன். அப்படித்தான் நினைக்கிறேனா என்றும் தெரியவில்லை.

கடலை நன்றாக இருந்ததா?

கெப்புவேலி

*

போர்ட் வீலா
அக்டோபர் 25, சனி

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

கடலை நன்றாக இருந்தது. பச்சையாகவே தின்றேன்.

இன்று மறுபடி மாமரத்தடிக்குத் தனியாகப் போனேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. போதகர் வீட்டுப் பெண்ணைப் பற்றி லெய்மாராவிடம் சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் குழம்பினேன். சொல்லவில்லை. அது நல்ல குணமா கோழைத்தனமா என்று இப்போதும் தெரியவில்லை.

குழந்தைக்கு நம் அம்மாவின் பெயரை வைத்தேன். மெலியானே. எங்கள் அம்மா பெயர் என்று மெதுவாகத்தான் சொன்னேன், ஆனாலும் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. லெய்சாவி கேட்டார், “அப்போ இது அழுது அடம்பிடிச்சா, ‘மெலியானே, வாயை மூடு’ன்னு திட்டணுமா?”

“திட்டித்தானே ஆகணும்” என்றேன்.

அப்போதுதான் லெய்மாரா முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். “மாமியாரைத் தினமும் திட்டறதுக்கு இப்படி ஒரு வழியா?” என்றாள்.

மாமியார் என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் அவள் முகம் மாறிவிட்டது. கடலைக் கட்டுகளை அவிழ்த்து அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, “அவரு வருவாரா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். திட்டுவாள், இரண்டு நாள் சாப்பிட மாட்டாள், பன்றியைத் தேவாலயத்துக்குக் கொடுத்துவிடுவேன் என்பாள். பிறகு குழந்தையின் பெயரைக் கேட்பாள். அந்த இடம் வரைக்கும் நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பல்கலைக்கழகம் போன வருடம்தான் நீங்கள் தோட்ட வேலைக்குப் போனீர்கள். அன்றிலிருந்து நான் உங்களிடம் ஒன்றுமே கேட்டதில்லை. ஆசை இல்லாமல் இல்லை. தங்கை வாய்விட்டுக் கேட்டால் அண்ணன் மறுக்கக்கூடாது என்பது நம் முறை. அதனால்தான் பயம். கேட்பது கட்டளையாகிவிடும். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. இது நியாயமா, உங்கள் வாழ்க்கையில் நான் தலையிடுவதா என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உங்களைப் பார்த்து மூன்று வருடமாகிறது. அம்மாவைப் போலத்தான் நானும் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். இருந்தாலும் கேட்கிறேன்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வராதீர்கள், அண்ணா. வீலாவுக்குப் போங்கள்.

செய்னி