மூடி திரும்பாமல் கேட் திறக்காது

11 ஜூன் 2025, புதன்

முதலில் வெட்கக்கேட்டை எழுதி முடித்துவிடுகிறேன். இன்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஓட்டப் பந்தயம் ஓடினேன். ஒன், டூ என்று நானே எண்ணி, த்ரீ சொல்வதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். அப்படித் திருடியும் இருபத்தொன்பதாவது. பிள்ளைகள் மொத்தம் முப்பத்தொன்று. எனக்குப் பின்னால் வந்த மூன்று பேரில் ஒருத்திக்கு ஷூ கழன்றுவிட்டது. ஒருவன் நான் ஓடுவதைப் பார்த்துச் சிரித்ததில் நின்றுவிட்டான். மூன்றாவது இந்து. பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்கூல் ஆயாவுக்கு எதற்கு ஓட்டம் என்று கேட்டால், அவர்கள் கிளாஸ் வின்னி டீச்சர் ஏதோ ட்ரெய்னிங் போய்விட்டார். கடைசி பீரியட். "சும்மா உக்கார வச்சிக்கோ ஐடா" என்றார் எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் எலைன் மிஸ். சுவரில் டைம்டேபிள் ஒட்டியிருக்கிறது. புதன், கடைசி பீரியட், பி.டி. நான் படித்தது ஐந்தாவது வரைதான். ஆனாலும் அந்த இரண்டு எழுத்து எனக்குத் தெரியும். வெளியே கூட்டிக்கொண்டு போனேன்.

நான் எழுதுகிற இதுவும் பி.டி. ரிஜிஸ்டர்தான். பி.டி. மாஸ்டர் ஏனோக் சார் ரிட்டையரான பிறகு வேறு மாஸ்டர் வரவில்லை. மூன்று வருடமாக அட்டையில் பெயர், உள்ளே வெள்ளை. பழைய பேப்பரோடு போடச் சொன்னார்கள். போடவில்லை.

13 ஜூன், வெள்ளி

முட்டி வலி. யாரிடமும் சொல்லவில்லை.

லஞ்ச் பிரேக்கில் ஒன்று கவனித்தேன். ஒரு காலில் நிற்கச் சொன்னேன், பாதிப் பிள்ளைகளால் பத்து எண்ணும் வரை நிற்க முடியவில்லை. எட்டு வயது. வேனில் வருகிறார்கள், வேனில் போகிறார்கள், அப்புறம் டியூஷன், அப்புறம் போன். ஓட வேண்டிய ஒரு பீரியடிலும் கணக்கு நோட்டு.

இந்து சொன்னாள், "ஆயாம்மா, எனக்குக் கால் வலிக்குது."

"வயசு இன்னா உனக்கு?"

"எட்டு."

"எனக்கு நாப்பத்தொம்போது. எனக்கே இன்னும் வலி வரல. நீ பின்னாடி லைன்ல நில்லு."

பொய் சொன்னதற்கு ஆண்டவர் மன்னிக்கட்டும். அந்தப் பிள்ளை சிரித்தது. வலியை மறந்துவிட்டு அரை ரவுண்டு நடந்தது.

18 ஜூன், புதன்

எழுதியே ஆகணும்.

வின்னி டீச்சரிடம் கெஞ்சி இன்றைக்கும் பீரியட் வாங்கினேன். ரிலே ஓட்டினேன். பெல் அடிச்சது, கேட் திறந்தேன், எல்லாம் வேனுக்கு ஓடிப் போச்சு. இந்துவோட அப்பா ராஜப்பா ஸ்கூட்டர்ல நின்னுக்கிட்டு, "எங்க பாப்பா எங்கம்மா?" என்றார்.

பாப்பா இல்லை.

கிளாஸில் இல்லை. பாத்ரூமில் இல்லை. பின்பக்கம் காம்பவுண்டு சுவர் இடிந்து கிடக்கிறது, அதைத் தாண்டினால் சைனைட் மேடு. தங்கச் சுரங்கத்து மண்ணைக் கொட்டி மலையாக நிற்கிற மேடு. மழை பெய்தால் சரியும். எல்லோரும் அந்தப் பக்கம்தான் ஓடினோம். நான் ஓடினேன், இன்று யாரும் எனக்கு முன்னால் இல்லை.

இருபது நிமிஷம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிழலில், ஷூவைத் தலைக்கு வைத்து, தூங்கிக்கொண்டிருந்தாள்.

எண்ணியிருக்க வேண்டும். கேட் திறப்பதற்கு முன்னால் எண்ணியிருக்க வேண்டும். நான் எண்ணலையே. ஏன் எண்ணல?

19 ஜூன், வியாழன்

மெமோ கொடுத்தார்கள். "ஆயா தன் வேலையை மட்டும் பார்க்கவும். மறுமுறை நடந்தால் வேலையிலிருந்து நீக்கப்படுவார்." பி.டி. கிடையாது. யாருக்கும் கிடையாது.

எலைன் மிஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. நேற்று அந்த மேட்டின் அடியில் அவர் செருப்பில்லாமல் நின்றதைப் பார்த்தேன். ஆனால் ஒன்று. ஒரு பிள்ளை தொலைந்த மாதிரி ஆனதற்கு முப்பத்தொரு பிள்ளைகளையும் உட்கார வைப்பது என்ன தீர்ப்பு? தப்பு செய்தவள் நான். நிற்க வைக்க வேண்டுமானால் என்னை நிற்க வையுங்கள். பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.

இதை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேனா? இல்லை. பாத்ரூம் கழுவும்போது வாளியிடம் சொன்னேன்.

22 ஜூன், ஞாயிறு

கோயில் விட்டு வந்து வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது பார்த்தேன். என் வீட்டுக்காரர் இன்பராஜ் சாவிக் கொத்தில், சுரங்கத்தில் வேலை செய்த எங்கப்பாவின் பித்தளை டோக்கன். 1174. இருபது வருடமாகப் பார்க்கிறேன், இன்றுதான் கண்ணில் பட்டது.

சுரங்கத்து ஷாஃப்டில் இறங்குகிற ஒவ்வொருவனும் தன் நம்பரை எடுத்துக்கொண்டு இறங்குவான். ஏறி வந்ததும் திருப்பிக் கொடுப்பான். ஷிப்ட் முடிந்து ஒரு நம்பர் குறைந்தால் போதும், மேலே இருக்கிற எவனும் வீட்டுக்குப் போக முடியாது. நந்திதுர்க் சுரங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆயிரக்கணக்கான ஆம்பளைகளை எண்ணின ஊரில் முப்பத்தொரு குழந்தைகளை எண்ண முடியாதா?

மார்க்கெட் சோடாக் கடையில் பாட்டில் மூடி பொறுக்கினேன். "இன்னாக்கா, பழைய இரும்பு வியாபாரமா?" என்று கேட்டான் கடைக்காரன். "உன் கடையத்தான் வெலைக்கு வாங்கப் போறேன், கொஞ்சம் கொஞ்சமா" என்றேன்.

ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டு, நெயில் பாலிஷில் நம்பர் எழுதினேன். ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை பிள்ளைகள், முப்பத்திரண்டு நான். இன்பராஜ் பெங்களூர் ட்ரெயினில் ஆறு நாள் நின்று போய் நின்று வருகிற மனுஷன், அவரை ஞாயிற்றுக்கிழமையும் தூங்க விடாமல் பலகையில் ஆணி அடிக்க வைத்தேன்.

"உன்னத் தூக்கிடப் போறாங்கடி" என்றார்.

"என்னத் தூக்க நாலு பேர் வேணும். அந்த ஸ்கூல்ல நாலு பேருக்கு அவ்ளோ பலம் கெடையாது. பி.டி. இல்லயே."

சுத்தியலை வைத்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் மறுபடி அடித்தார்.

23 ஜூன், திங்கள்

பலகையைக் காட்டினேன். எலைன் மிஸ் ரொம்ப நேரம் பார்த்தார். "பேரன்ட்ஸ் ஒத்துக்கணும் ஐடா. முக்கியமா ராஜப்பா" என்றார்.

ராஜப்பா ராபர்ட்சன்பேட்டையில் போன் கடை வைத்திருக்கிறார். பேரன்ட்ஸ் கமிட்டித் தலைவரும் அவர்தான். சரி.

5 ஜூலை, சனி

பேரன்ட்ஸ் மீட்டிங். ஆயாவுக்கு மீட்டிங்கில் டீ கொடுக்கும் வேலை. டீ கொடுத்துக்கொண்டே நின்றேன்.

ராஜப்பா எழுந்தார். "பி.டி. பீரியட மேத்ஸுக்குக் குடுத்துடலாம் மிஸ். படிக்கத்தானே அனுப்பறோம். ஓடறதுக்கு ஸ்கூல் எதுக்கு, தெருவுல ஓடிக்கட்டும்."

"தெருவுல ஓடுதா சார் பாப்பா?" என்றேன். டம்ளர் கையில் இருந்தது.

அவர் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு, "ஓடல. போன் பாக்குது" என்றார்.

"ஏம்மா, நீ ஆயா. உன் வேலையப் பாரு" என்றார் ராஜப்பா.

"என் வேலையத்தான் சார் பாக்கறேன். படி ஏறி வந்து பாப்பா மூச்சு வாங்கறப்போ முதுகத் தடவறது நான்தான். போன மாசம் எண்ணாம கேட் தொறந்தவளும் நான்தான். தப்பு என்னோடது. ஒத்துக்கறேன். அதுக்குத்தான் இந்தப் பலகை."

பலகையைப் பெஞ்சு மேல் வைத்தேன். எப்படி என்று சொன்னேன். மூடியை எடுத்துக்கொண்டு ஆடப் போகணும், ஆடிவிட்டுத் திருப்பி மாட்டணும், எல்லா ஆணியும் நிரம்பிய பிறகுதான் கேட். பின் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் தலையாட்டினார், அவர் பழைய அண்டர்கிரவுண்டு ஆள், சுரங்கத்தில் இறங்கினவர். ராஜப்பா அசையவில்லை.

"எட்டு வயசுல ஓடலைன்னா இன்னா ஆயிடும்?" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. "சரி சார். தரையில சம்மணம் போட்டு உக்காந்து, கை ஊணாம எழுந்திருங்க. எழுந்துட்டீங்கன்னா இந்தப் பலகைய நானே அடுப்புல வச்சிடறேன்."

ஹாலில் பத்துப் பதினைந்து பேர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள், எலைன் மிஸ்ஸும்கூட. ராஜப்பாவும் உட்கார்ந்தார், பின்வாங்குகிற ஆள் இல்லை. மூன்று பேர் எழுந்தார்கள். அந்த அண்டர்கிரவுண்டுப் பெரியவர்தான் முதலில் எழுந்தவர்.

ராஜப்பாவுக்கு நான் கை கொடுத்தேன். ஆயா வேலை.

எழுந்து பேண்டைத் தட்டினார். "ஒரு டெர்ம் பாக்கலாம்" என்றார். "ஒரு தடவ தப்பு நடந்துச்சுன்னா நீயும் இல்ல, பி.டி.யும் இல்ல."

"சரி சார். டீ ஆறிப் போச்சு, வேற தரட்டா?"

7 ஜூலை, திங்கள்

எலைன் மிஸ் தன் கையால் ஒரு அட்டையில் எழுதி, சீல் வைத்து, பலகைக்கு மேலே ஒட்டினார். மூடி திரும்பாமல் கேட் திறக்காது. யாராக இருந்தாலும். கீழே கையெழுத்து.

யாராக இருந்தாலும் என்று ஏன் போட்டார் என்று தெரியவில்லை. என்னை நினைத்துத்தான் போட்டிருப்பார்.

9 ஜூலை, புதன்

வின்னி டீச்சர், "போர்ஷன் முடியல ஐடா, இன்னிக்கு மட்டும் விட்டுடு" என்றார்.

"விட்டுடறேன் டீச்சர். பசங்களக் கேளுங்க" என்றேன். முப்பத்தொரு பேரும் டைம்டேபிள் எதிரே நின்று சத்தம் போட்டுப் படித்தார்கள். புதன். கடைசி பீரியட். பி.டி. பக்கத்துக் கிளாஸும் சேர்ந்து படித்தது. நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. காலையில் ஒரே ஒரு தடவை சொல்லிக் கொடுத்தேன்.

முப்பத்திரண்டு மூடி போனது. முப்பத்திரண்டு வந்தது.

23 ஜூலை, புதன்

மழை. வராண்டாவில் தவளை ஓட்டம். நான் தவளையாகி இரண்டு தாவல். மூன்றாவது தாவல் இல்லை.

6 ஆகஸ்ட், புதன்

பதினேழாம் நம்பர் காணோம். கேட்டைப் பூட்டிவிட்டேன். வெளியே வேன் டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அடிக்கட்டும். பதினேழு இந்துவின் நம்பர். திரும்பிப் பார்த்தேன். ஆள் எதிரேதான் நிற்கிறாள், மூடிதான் இல்லை. அழுகிற முகம். இடிந்த சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாப் பிள்ளைகளும் மண்டியிட்டுத் தேடினார்கள். ஷூவுக்குள் இருந்தது.

"எதுக்குடி ஷூவுல போட்டே?"

"ஓடறப்போ கீழ விழுந்துடும் ஆயாம்மா. நான் ஓடினேன் இல்ல."

கேட்டுக்கு வெளியே ராஜப்பா கேட்டுக்கொண்டிருந்தார். தாமதத்துக்குத் திட்டுவார் என்று நினைத்தேன். ஷூவில் கல் இருந்தால் குத்தும், மூடி குத்தாதா என்று மகளிடம் கேட்டார். அவ்வளவுதான்.

3 செப்டம்பர், புதன்

இந்து ஒரு முழு ரவுண்டு ஓடினாள். கடைசிதான். நின்றுவிடவில்லை.

இரண்டாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் தங்களுக்கும் மூடி வேண்டுமாம். சோடாக் கடைக்காரன் என்னைப் பார்த்ததும் ஒரு பை நீட்டினான். "கடைய எப்போக்கா எழுதி வாங்கப் போறே?"

12 நவம்பர், புதன்

தசரா லீவு, பரீட்சை எல்லாம் முடிந்து ஒழுங்காக இரண்டு புதன் ஆடியாகிவிட்டது. டெர்ம் முடிந்தே போயிற்று. நிறுத்தச் சொல்லி யாரும் வரவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

சாயந்திரம் கேட்டருகே இந்து, "அப்பா, நீ ஸ்கூட்டர்ல போ. நான் நடந்து வரேன்" என்றாள்.

ராஜப்பா என்னைப் பார்த்தார். நான் பூட்டைப் பார்த்தேன். அவர் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டே பிள்ளையோடு நடந்து போனார். ராபர்ட்சன்பேட்டை வரைக்குமா? தெரியாது. தெரு முனை திரும்புகிற வரை பார்த்தேன்.

26 நவம்பர், புதன்

இன்று எலைன் மிஸ் ஆட வந்தார். புடவையைச் செருகிக்கொண்டு, "எனக்கும் ஒரு நம்பர் குடு" என்றார். முப்பத்து மூன்று போட்டுக் கொடுத்து, பலகையில் கல்லால் ஒரு ஆணியும் அடித்தேன். கோ-கோவில் நான்கு பிள்ளைகளைத் தொட்டார். அவுட் ஆனதும் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு ராபர்ட்சன்பேட்டை பி.இ.ஓ. ஆபீஸில் கல்வி அதிகாரியோடு மீட்டிங் என்று ஞாபகம் வந்து அப்படியே கேட்டைத் திறந்து ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

பெல் அடித்தது. முப்பத்திரண்டு மூடி வந்தது. முப்பத்து மூன்றாவது ஆணி காலி.

நான் கேட்டைப் பூட்டினேன்.

எலைன் மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். எங்கள் ஸ்கூல் ஆபீஸ் மேஜை மேலேயே அடித்தது. வின்னி டீச்சர், "மிஸ் எங்க இருக்காங்கன்னுதான் தெரியுதே, பசங்கள விடு ஐடா" என்றார். அட்டையைக் காட்டினேன். யாராக இருந்தாலும். கையெழுத்து, சீல். ராபர்ட்சன்பேட்டைக்கு ஆட்டோவில் ஒரு ஆள் போய்க் கூட்டி வரட்டும் என்றேன்.

வெளியே பெற்றோர் சேர்ந்துவிட்டார்கள். வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். ராஜப்பா அவரிடம் போய், "அடிக்காதப்பா, ஒரு டோக்கன் இன்னும் மேல வரல" என்றார். பிறகு அவரே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மிஸ்ஸைத் தேடிப் போனார்.

பிள்ளைகள் மறுபடி மூடியை எடுத்துக்கொண்டு கோ-கோ ஆடப் போனார்கள். முப்பத்தைந்து நிமிஷம் கூடுதல் பி.டி. யாரும் அழவில்லை.

ஐந்து மணிக்கு, பிள்ளைகள் மூடியைத் திருப்பி மாட்டி முடித்தபோது, ஸ்கூட்டர் வந்தது. எலைன் மிஸ் பின்னால் உட்கார்ந்திருந்தார். நேராக உள்ளே வந்து, ஹேண்ட்பேகைத் திறந்து, மூடியை எடுத்து ஆணியில் மாட்டினார்.

ஆணி கழன்று விழுந்தது. பின்னாலேயே பலகை விழுந்தது. முப்பத்து மூன்று மூடியும் வராண்டாவில் உருண்டு போயின. எல்லோரும் பொறுக்கி, எண்ணி, கேட் திறந்தபோது ஐந்தே கால்.

நாளைக்குச் சுத்தியல் எடுத்துப் போகணும்.