என்ன ஆக்கள்?

பெப்ரவரி 8, திங்கள்

காலையில் பனி. பத்து மணிக்கே வெயில் சுட்டது. உரும்பிராய்க்கு அரசாங்க மருத்துவிச்சியாக வந்து பன்னிரண்டு நாள். செருப்பு வார் அறுந்துவிட்டது. கை கழுவும் சவர்க்காரம் முடிகிறது.

மூன்று வீடு. மூன்றிலும் வயிற்றைத் தொடமுன் அதே கேள்வி.

"பிள்ளை என்ன ஆக்கள்?"

"மருத்துவிச்சி."

"அது தெரியுது. என்ன ஆக்கள் எண்டு கேட்டனான்."

கிரேஸ் என்ற என் பெயரை வைத்து அவர்களால் சாதியைப் பிடிக்க முடியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கிணற்றடியில் தள்ளி நிற்கவைக்கிறார்கள். கையைக் குவித்தால் உயரத்திலிருந்து தண்ணீர் வார்க்கிறார்கள். அதே கையால்தான் அவர்கள் பிள்ளையை எடுக்கப்போகிறேன். அதில் தீட்டு இல்லையாம். தூ.

"ஆர் கேட்டாலும் சொல்லாதை" என்றுதான் அம்மா அனுப்பினாள். சொன்னால் நாளைக்கே வேலை போய்விடும்.

பெப்ரவரி 9, செவ்வாய்

மேகம். மழை இல்லை. வேலை குறைவு. இந்த ஊரில் ஒரு சொல்லை வைத்தே பிழைக்கலாம் போலிருக்கிறது. காதில் விழுந்தவை:

"ஆள் எப்பிடி?" — சுகமா என்று.
"ஆள் முடிஞ்சுது." — செத்துப்போனார்.
"புது ஆள் வந்திட்டுதோ?" — குழந்தை பிறந்துவிட்டதா.
"ஆள் விட்டு விசாரிச்சனாங்கள்." — கலியாணம் பேசமுன்.
"நல்ல ஆக்கள்." — குணத்தைப் பற்றி அல்ல. காணி இருக்கிறது.
"அந்த ஆக்கள்." — இதற்கு மட்டும் குரல் இறங்கும். நாங்கள்.

சின்னம்மாவுக்குக் கடிதம் போடவேண்டும். அம்மாவின் தங்கை. சுன்னாகப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் கூலி. நான் படிக்கப் போன நாள் என் றங்குப்பெட்டியைத் தலையில் வைத்து ஸ்டேசன்வரை நடந்தவள். எழுத்துத் தெரியாது, யாராவது வாசித்துக் காட்டுவார்கள்.

பெப்ரவரி 11, வியாழன்

புகையிலைத் தோட்டக்காரர் வீடு. மருமகள் பூரணத்துக்குத் தலைப்பிள்ளை. விடியவே பிள்ளைப்பேற்று நோ. ஆண்கள் எல்லாரும் தோட்டத்தில். வீட்டில் மாமியார் மட்டும். மதியம் பிள்ளை பிறந்தது, பெண். தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. தண்ணீர் தீர்ந்துவிட்டது.

"நீங்கள் அவவின்ரை வயித்தை அமத்திப் பிடியுங்கோ, நான் அள்ளிக்கொண்டு வாறன்" என்று ஓடினேன். அந்த மனுசி மருமகளை விட்டுவிட்டு என் பின்னால் வந்து துலாக்கயிற்றைப் பிடித்தாள்.

"நில்லு! கிணத்தைத் தொடாதை. முதல் சொல்லு, என்ன ஆக்கள்?"

உள்ளே பூரணம் முனகுவது கேட்கிறது. இவள் கயிற்றை விடவில்லை.

"உங்கடை ஆக்கள்தான். அப்பா கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினவர்."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை!" முகமெல்லாம் சிரிப்பு.

அள்ளினேன். தாய் பிழைத்துவிட்டாள். பிள்ளையும் சுகம். மாமியாரின் சிரிப்பை நினைக்க நினைக்க வெறுப்பு வருகிறது. நான் சொன்னதை நினைத்தாலும்தான்.

பெப்ரவரி 12, வெள்ளி

கதை ஊர் முழுக்கப் போய்விட்டது. போன வீடெல்லாம் பித்தளைச் செம்பில் கோப்பி. பாயைத் தட்டி விரிக்கிறார்கள். "பார்த்தவுடனை நினைச்சனான், முகத்திலையே தெரியுது" என்கிறாள் ஒருத்தி. நாலு நாளைக்குமுன் என்னை எருக்குழிப் பக்கம் நிற்கவைத்தவள் இவள்தான்.

"காணும், போதும்" என்றாலும் விடவில்லை; இரண்டு செம்பு குடித்தேன். நல்ல கோப்பி. அதுதான் அருவருப்பு.

அம்மாவும் சின்னம்மாவும் குனிந்து நின்று "நாச்சியார்" என்று கூப்பிடுகிற ஆக்களில் ஒருத்தியாகிவிட்டேன், ஒரே ஒரு வசனத்தில். பூரணம் தேறியதும் உண்மையைச் சொல்லிவிடவேண்டும்.

பெப்ரவரி 15, திங்கள்

கொடும் வெயில். செருப்புத் தைத்து வந்தாயிற்று. பூரணத்துக்குக் காய்ச்சல் இல்லை. பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறது. தொப்புளுக்கு மருந்து வைத்தேன். கை கழுவ நானே கிணற்றடிக்குப் போய் நானே அள்ளினேன். இன்று சொல்லலாம் என்றுதான் போனது.

வேலிக்கு வெளியே வெங்காயம் கிண்ட வந்த கூலிப்பெண்கள் நாலைந்து பேர். தண்ணீர் கேட்டார்கள். மாமியார் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள்.

"பிள்ளை, நீ வாளியோடைதானே நிக்கிறாய். உவளவைக்கு வாத்துவிடு. கவனம், முட்டுப்படாமல் உயத்திப் பிடி."

வாளியோடு வேலிப் படலையடிக்குப் போனேன். மூன்றாவதாக நின்றது சின்னம்மா.

என்னைக் கண்டாள். கையில் வாளியைக் கண்டாள். பின்னால் மாமியாரைக் கண்டாள். தலைத்துணியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, கையைக் குவித்தாள்.

நான் சொல்லியிருக்கலாம். "சின்னம்மா" என்று ஒரு சொல். வார்த்தேன். உயர்த்திப் பிடித்துத்தான் வார்த்தேன்.

குடித்தாள். நிமிரவில்லை.

"காணும், நாச்சியார்" என்றாள்.