வீணாவுக்கு டாக்டர் பார்த்தது

ஆடுகோடி, பெங்களூர்
14.9.2003

அன்பு மகள் வீணாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, விக்கி மூவரும் நன்றாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பு. உன் தம்பி கால் சென்டரில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது, பகலெல்லாம் தூங்குகிறான், போனில் தன் பெயரை விக்டர் என்று சொல்கிறானாம், பெயர் வைத்த நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

டிசம்பர் லீவில் வந்து, எடுத்த மார்புக்குப் பதில் வேறு வைத்துக்கொள்ளும் ஆபரேஷன் செய்யப் போவதாகவும், நல்ல பிளாஸ்டிக் சர்ஜனாக விசாரித்து வைக்கும்படியும் எழுதியிருந்தாய். அம்மாவுக்கு எழுதாமல் எனக்கு எழுதினாயே என்று முதலில் கூச்சமாக இருந்தது. அவளிடம் சொன்னதற்கு, கேன்சர்ல உசிரு பொழச்சதே பெரிசு, புடவைக்குள்ள யாரு பாக்கப்போறாங்க, சும்மா எதுக்கு இன்னொரு கத்தி என்றாள். பயந்து சொல்கிறாள், மனதில் வைத்துக்கொள்ளாதே. எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனாலும் நீ ஒரு வேலை சொல்லி நான் செய்யாமல் இருந்ததில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முப்பது வருஷம் ஃபாக்டரியில் இன்ஸ்பெக்ஷன் பார்த்தவன் நான். சாமான் செய்து தருகிறவன் நல்ல பீஸைத்தான் மேலே வைத்துக் கொண்டுவருவான், ரிஜக்ட் ஆனதைக் காட்டு என்று கேட்டால்தான் ஆள் யார் என்று தெரியும். டாக்டர்களிடமும் அதையே கேட்டேன். முதலில் போன இடத்தில் கண்ணாடிக் கதவு, ஏசி, ஆல்பம் முழுக்க அழகான படங்கள். கெட்டுப்போன கேஸ் ஒன்றைக் காட்டுங்கள் என்றதும் டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது, தன் கையில் எதுவும் கெட்டதே இல்லை என்று எழுந்துவிட்டார். நானும் எழுந்துவிட்டேன்.

அடுத்து, ஆஸ்டின் டவுனில் இருக்கும் பவுலின் நர்ஸ் சொல்லி டாக்டர் ஜூடித்திடம் போனேன். அதே கேள்விக்கு அந்த அம்மா இழுப்பறையிலிருந்து முகம் தெரியாத இரண்டு படங்களை எடுத்து வைத்தார். ஒன்றில் உள்ளே வைத்த சிலிக்கான் பையைச் சுற்றிச் சதை இறுகிக் கல்லாகியிருக்கிறது, இன்னொன்றில் சீழ் பிடித்துப் பையையே எடுக்க வேண்டியதாயிற்றாம். இது ஆயுசுக்கும் ஒரே தடவை வைக்கிற சாமான் இல்லை, பத்துப் பதினைந்து வருஷத்தில் மாற்ற வேண்டிவரலாம், கேன்சருக்குக் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைத்த உடம்பானால் பைக்குப் பதில் வயிற்றுச் சதையை எடுத்து வைப்பதும் உண்டு, எதுவானாலும் கேன்சருக்குப் பார்த்த டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் என்று பொறுமையாகச் சொன்னார். எனக்குப் பிடித்துவிட்டது. பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "உங்க பொண்ணுக்கு எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை வீணா. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் நம் வீட்டில் இருந்தாய், தினமும் இளநீர் வெட்டித் தந்தேன், உன் கழுத்துக்குக் கீழே என் கண் போனதே இல்லை. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் வைத்தார்களா என்றார், அதுவும் தெரியவில்லை. முடியளவு தப்பையும் கண்டுபிடிப்பவன் என்று பெயர் வாங்கிய ஆள், உன் பெயரை மட்டும் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்தேன். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் அழுதேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம், தினம் குளிக்கும்போது நீ பார்க்கிறாயே அம்மா, அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வைப்பதா வேண்டாமா, பையா சதையா, எவ்வளவு பெரிது என்பதெல்லாம் நீயே வந்து டாக்டரம்மாவிடம் பேசி முடிவு செய். மாப்பிள்ளைக்காகவும் வேண்டாம், எங்களுக்காகவும் வேண்டாம். டிசம்பர் எட்டாம் தேதிக்குப் பெயர் கொடுத்து வைத்திருக்கிறேன். பழைய ரிப்போர்ட்டுகளைப் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வைத்துக் கொண்டுவா. வேளைக்குச் சாப்பிடு, ஒரு குறையும் இல்லாமல் நீ நெடுநாள் இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம். பதில் எழுதும்போது எந்தப் பக்கம் என்று ஒரு வரி எழுது. அம்மாவைக் கேட்டால் சொல்லிவிடுவாள். நான் கேட்கவில்லை. உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
அசோகன்